பெருக்கல் ஐம்பது

கோத்தகிரியில் ஜனவரி. இரவு பதினொன்றரை.
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மூன்று கம்பளிக்கு அடியிலிருந்து லிங்கன் கேட்கிறான்:
"உன் பெட்டிக்குக் காய்ச்சல்னா
நான் எதுக்கு நடுங்கணும்?"

பதில் சொல்ல நேரமில்லை.
கறுப்புத் திரையில் பெருக்கல் எண்ணை
நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தெட்டாக்குகிறேன்.
மின்னழுத்தம் ஒரு துளி. துளியிலும் பாதி.
ஃபேக்டரியில் டிரையருக்குப் பக்கத்தில் நிற்கிறபோதும் இப்படித்தான்,
கொஞ்சம் ஏறினால் தூள் தீயும்,
கொஞ்சம் இறங்கினால் மூட்டையிலேயே பூஞ்சணம் பூக்கும்.
ஈரக்குமிழ், உலர்குமிழ், இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைப்
பதிவேட்டில் எழுதுகிறவள் நான்.
அதற்குச் சம்பளம் உண்டு.
இந்தச் சில்லுக்கு, ஒரு சீட்டெடுத்த பணம் முழுக்கப் போயிற்று.

நாற்பத்தொன்பது. எழுந்தது.
ஐம்பது.
திரை நீலமாகி, வருத்தம் தெரிவித்துவிட்டுச் செத்தது.
மறுபடி ஐம்பது, இன்னொரு அரைத்துளி.
ஸ்டெபிலைசர் 'டக்' என்றது.
கீழ்வீட்டில் யாரோ கெய்சர் போட்டிருக்கிறார்கள், இந்நேரத்தில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
எழுந்தது.

எண்பத்தாறு டிகிரி.
ஜன்னலை இன்னும் ஒரு சாண் தள்ளினேன். எழுபத்தொன்பது.
வெளியே இரண்டு.
இதே பனியில்தான் விடிந்தால்
ஜக்கனாரைச் சரிவில் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கும்,
வரவு குறைந்ததற்கு சூப்பர்வைசர் என்னைப் பார்த்து முறைப்பார்.
இன்று ராத்திரிக்கு மட்டும் அது எனக்குச்
சும்மா கிடைத்த காற்றாடி.

தூத்துக்குடியிலிருந்து டெரன்ஸ் காதுக்குள் வந்தான்.
ஃபேனுக்கு முன்னால் ஒரு பேசின் மீன் ஐஸ் வைத்திருக்கிறானாம்.
"அக்கா, உங்க ஊர்க் காத்துல ரெண்டு கிலோ அனுப்புங்க."
காயல்பட்டினத்து முபீன்,
திருச்சியில் பெயர் சொல்லாத ஒரு பையன்.
நாலு பேர். எதிரே நாலு பேர்.

இத்தனை நாளும் நான் விழுந்த பிறகுதான்
குண்டு வரும்.
கதவு திறப்பதற்குள் சுட்டவன் அடுத்த தெருவில் இருப்பான்.
இன்று படிகள் படிகளாக இருந்தன.
ஓடுகிறவனின் முழங்கால் மடங்குவது தெரிந்தது.
நொடிக்கு இருநூற்றுப் பத்து ஃப்ரேம்.
இருவரை வீழ்த்தினேன். முபீன் ஒருவனை.
மிஞ்சியவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
"அக்கா, சுடு" என்றான் டெரன்ஸ்.
குதித்தேன்.

அந்தரத்தில் நின்றேன்.

டானிங்டன் பக்கம் எங்கோ
ஒரு காட்டெருமை கம்பத்தில் முதுகு உரசியிருக்கும்,
அல்லது சில்வர் ஓக் கிளையொன்று கேபிளில் சாய்ந்திருக்கும்.
என் சில்லுக்கு அது தெரியாது.
ஐம்பதின் முழு வேகத்தில்
தரைக்கு வராத ஒருத்தியை
நொடிக்கு இருநூற்றுப் பத்து முறை
புதிதாக வரைந்துகொண்டிருந்தது,
ஒரு முடி பிசகாமல்.

பிறகு நெட் வரவில்லை.
தாங்குகிறதா பார்ப்போமென்று
வெறும் கணக்கைக் கொடுத்து ஓடவிட்டேன்.
மூன்று மணி நேரம். தாங்கியது.

மூன்று மணிக்கு லிங்கன் எழுந்தான்.
மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், நாற்பது மூட்டை.
வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு
புல்லில் நனைந்த காலோடு திரும்பி வந்தான்.
"ஜெயிச்சியா?"
"தெரியல."
பெட்டியின் பின்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான்.
"அட, நல்லா வருதே" என்று
இரண்டு காலுறைகளையும் கழற்றி
சுடுகாற்று வரும் வாயில் விரித்தான்.

எண்பத்தொன்று. எண்பத்துமூன்று.
ஜன்னலைச் சாத்தினேன். எண்பத்தாறு.
ஐம்பதைக் குறைக்கவில்லை.
வண்டி சூடேற எப்படியும்
இன்னும் பத்து நிமிடம் ஆகும்.